ஈசானி மூலைக்குப் போகாத தண்ணீர்

செய்தியில் வானிலை வந்தால் சௌந்திரம் அத்தை கைவேலையைப் போட்டுவிட்டு டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொள்வார். நாமக்கல், சேலம் என்று நம் ஊர்ப்பக்கம் சொல்லும்வரை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நிற்பார். படம் மாறி வடக்கே உள்ள மாநிலங்கள் வந்ததும் குனிந்து பார்ப்பார். சத்தீஸ்கர் மேல் மேகம் இருக்கிறதா என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். அங்கே மழை பிடித்து மண் சேறானால் ஆழ்துளைப் போர் போடுகிற ரிக் வண்டிகள் வேலையை நிறுத்தும். வேலை நின்றால் லாரிகள் திருச்செங்கோட்டுக்குத் திரும்பும். அதில் ஒரு லாரியில் அவர் வீட்டுக்காரர் மணியன் வருவார். அங்கே மழை விட்டதும் திரும்பவும் போய்விடுவார். கல்யாணமான வருடத்திலிருந்தே இப்படித்தான்.

அத்தை எங்களுக்குப் பக்கத்து வீடு. அப்பாவுக்குத் தங்கை முறை. இரண்டு எருமைகளை வைத்துக்கொண்டு சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறார். ஒரே மகள் அகல்யாவைக் குமாரபாளையத்தில் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. எங்கள் வகையறாவில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்தான். சிவில் இன்ஜினியரிங். பட்டமளிப்பு விழாவுக்கு வேன் பிடித்து வந்த கூட்டத்தில் அத்தையும் இருந்தார். கறுப்பு அங்கியோடு நான் வெளியே வந்ததும் எல்லோரும் போட்டோ எடுக்க, அவர் மட்டும் அங்கியின் தையலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது வெயிலுக்கு ஆவாது சாமி, கழட்டிப்போடு" என்றார். இப்போது சேலத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்துவிடுவேன்.

மாமாவுக்குக் காது மந்தம். ரிக்கில் கம்ப்ரஸர் பக்கத்திலேயே நின்று நின்று போன காது அது. போனில் அவர் பேசுவது தெருமுனை வரை கேட்கும். அத்தை பேசுவது அவருக்குப் பாதிதான் கேட்கும். எருமை கன்று போட்டதைச் சொன்னால், சாப்பிட்டாயிற்று என்று பதில் வரும். அத்தையும் விடமாட்டார். "செரிங்க, கன்னும் சாப்புட்டுருச்சு" என்று சொல்லிப் போனை வைப்பார்.

அவர்கள் வீடு பழைய ஓட்டு வீடு. எங்கள் பக்கம் இப்போது மயில்கள் பெருத்துவிட்டன. கூட்டமாக ஓட்டின் மேல் இறங்கி நடந்து, குதித்து, ஒன்றுக்குப் பத்தாக உடைத்து வைத்துவிட்டுப் போகும். அதனால் ஒவ்வொரு வருடமும் மாமா வந்து பையை இறக்கி வைத்ததும் செய்கிற முதல் வேலை ஏணியைச் சாத்துவதுதான். அவர் மேலே நிற்பார். அத்தை உள்ளே மூங்கில் கம்போடு நிற்பார். ஒழுகுகிற இடத்தை அத்தை கீழிருந்து கம்பால் இடித்துக் காட்ட வேண்டும். ஓடு லேசாகத் தூக்கி விழும். "வாரேன், இரு" என்று மாமா மேலிருந்து குரல் கொடுத்துக்கொண்டு அந்த இடத்துக்கு நகர்வார். அது அல்ல என்றால் மறுபடி இடி. "இன்னுங் கொஞ்சம் வடக்கால" என்பார் அத்தை. மறுபடி "வாரேன், இரு." எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது இதைக் கேட்டுக்கொண்டே சாப்பிடுவோம். சில நாள் அத்தை திட்டுவதும் கேட்கும். நாலு ஓடு தாண்டிப் போய்விட்டாராம்.

போன வருடம் மாமா புறப்பட்டுப் போன மறுநாள் அத்தை எங்கள் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து அம்மாவிடம் சொன்னார். "வருசம் பூரா லாரி மேல. வந்தா ஊட்டு மேல. இந்த ஊட்டுக்குள்ள அவுரு உக்கோந்து நான் பாத்ததே இல்ல. அடுத்த வருசம் பாத்தே தீருவேன்."

அந்தப் பேச்சு வெறும் பேச்சாகப் போகவில்லை. பங்குனியில் பழைய ஓடுகள் இறங்கின. சங்ககிரி ரோட்டில் பட்டறை வைத்திருக்கிற கந்தப்பன் வந்து இரும்புக் குழாயில் சட்டம் கட்டி, நீல நிறத் தகர ஷீட் போட்டார். மேல்தண்ணீர் வாசலில் கொட்டாமல் ஒரே இடத்தில் இறங்க, முன்பக்கம் கூரை ஓரத்தில் தகர வாய்க்காலும் வைத்தார். கட்டர் என்பார்கள். கூரை முடிந்த அன்றே அத்தை திருச்செங்கோட்டிலிருந்து கை வைத்த மர நாற்காலி ஒன்று வாங்கி வந்து, வீட்டு நடுவில் வாசலைப் பார்க்கப் போட்டு, மேலே துண்டை விரித்து வைத்தார். யாரும் உட்காரக் கூடாது. நான் ஒருமுறை தெரியாமல் உட்காரப் போக, "அது உங்க மாமனுக்கு" என்று ஸ்டூலை எடுத்துப் போட்டார்.

கட்டர் வைக்கும்போதே ஒரு பேச்சு நடந்தது. அதன் தண்ணீரை எந்த மூலையில் இறக்குவது? வீடு கிழக்குப் பார்த்தது. கட்டருக்கு ஒரு முனை வடகிழக்கு, ஈசானி மூலை. இன்னொரு முனை தென்கிழக்கு, அக்னி மூலை. சமையல்கட்டு அங்கேதான். கந்தப்பன் சட்டத்தைப் பார்த்துவிட்டு, தெற்குச் சுவர் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, தண்ணீர் ஓடுகிற வாட்டம் அந்தப் பக்கம்தான் என்றார். அத்தை மாமாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். அங்கே கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது. கந்தப்பன் வாட்டத்தைப் பற்றிக் கத்திக் கத்திச் சொன்னதற்கெல்லாம் அங்கிருந்து ஒரே பதில்தான். "ஈசானி. ஈசானியில எறக்கு."

மாமா பிடிவாதம் பிடித்ததற்குக் காரணம் சாஸ்திரம் மட்டும் இல்லை. வாசலில் அதே ஈசானி மூலையில் அவரே ஒரு சீசன் முடிந்து வந்தபோது, ரிக் முதலாளியிடம் சொல்லி, போட்ட போர் இருக்கிறது. சில வருடம் தண்ணீர் கொடுத்து அப்புறம் வற்றிவிட்டது. ஊர் ஊராகப் போய்த் தண்ணீர் காட்டுகிறவர் வீட்டில் போர் குழாய் மூடி போட்டு நிற்கிறது. கூரைத் தண்ணீரை அதில் இறக்கிவிட்டால் என்றாவது திரும்ப ஊறும் என்பது அவர் எண்ணம். ரிக்கில் இருப்பவர்களுக்குத் தண்ணீர் என்றாலே ஈசானிதான். போருக்குக் குறிக்கிற பாயிண்டும் அங்கே, விழுகிற இடமும் அங்கே. கந்தப்பன் தலையைச் சொறிந்துகொண்டு வடக்கு முனையில் ஓட்டை போட்டுக் குழாயை இறக்கிவிட்டுப் போனார்.

சித்திரையில் முதல் கோடை மழை. காற்றோடு அடித்துப் பெய்தது. அத்தை ஆசையாக உள்ளே நின்று மேலே பார்த்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுப்பு மேல் தண்ணீர் சொட்டியது. கொஞ்ச நேரத்தில் சமையல்கட்டுச் சுவரே வழிந்தது.

கந்தப்பன் வந்தார். ஸ்குருவுக்கு அடியில் உள்ள ரப்பர் வாஷர் சரியாக உட்காரவில்லை என்று அந்தப் பக்கத்து ஸ்குருவையெல்லாம் கழற்றி மாட்டினார். அடுத்த மழையில் அதே இடம். முகட்டுத் தகரத்தின் வழியாகக் காற்று தண்ணீரை ஏற்றுகிறது என்று அங்கே பேஸ்ட் அப்பினார். அதற்கடுத்த மழையில் அடுப்பிலிருந்த குழம்பே தண்ணியாகப் போனது. "ஓடு ஒழுகுனா எந்த ஓடுன்னு தெரியும். இது எங்கயோ ஏறி எங்கயோ எறங்குது. திருடனாட்ட" என்றார் அத்தை.

வைகாசி பாதி போய்விட்டது. அவருக்கு ஒழுகுவதைவிட ஒழுகுவதை மாமா பார்த்துவிடுவார் என்பதுதான் பெரிய கவலை. வந்ததும் வராததுமாக ஏணியை எடுத்துவிடுவார். நாற்காலி அப்படியே கிடக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் ஊருக்கு வந்ததும் நேரே என்னிடம் வந்தார்.

"சாமி, இஞ்சினீருக்குப் படிச்சியில்ல. இது எங்க ஒழுகுதுன்னு கண்டுபுடிச்சுக் குடு. மாமன் வரதுக்குள்ள."

எங்கள் வீட்டு மோட்டாரிலிருந்து ஹோஸ் பைப்பை இழுத்துக்கொண்டு மேலே ஏறினேன். ஒழுகல் தேட ஒரு முறை இருக்கிறது. கீழ் விளிம்பிலிருந்து தொடங்கி மேல்நோக்கிப் போக வேண்டும். ஒரு இடத்தில் தண்ணீரை விட்டால் அங்கேயே பொறுமையாக விட்டுக்கொண்டிருக்க வேண்டும். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் நனைந்து, எது வழி என்று தெரியாமல் போய்விடும். அத்தையை உள்ளே நிற்கச் சொன்னேன். ஏதாவது தெரிந்தால் சத்தம் போடுங்கள் என்றேன்.

விளிம்பில் விட்டேன். ஒன்றும் இல்லை. ஸ்குரு வரிசை ஒவ்வொன்றாக. ஒன்றும் இல்லை. ஷீட்டும் ஷீட்டும் சேருகிற இடம், முகடு. எங்கும் இல்லை. கந்தப்பன் செய்த வேலை சுத்தமாகத்தான் இருந்தது. "அத்தை, தெரியுதுங்களா?" என்று கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. முதலில் "இல்ல சாமி" என்று பதில் வந்துகொண்டிருந்தது. பிறகு அதுவும் இல்லை.

ஓசை இல்லையே என்று ஹோஸைக் கட்டருக்குள் போட்டுவிட்டு இறங்கி உள்ளே போனேன். அத்தை பழைய மூங்கில் கம்பைக் கையில் வைத்துக்கொண்டு மேலே பார்த்தபடி நின்றிருந்தார். ஒழுகலே இல்லாத இடத்தில் எதற்குக் கம்பு என்று கேட்டேன்.

"மேல ஆளு நடந்தா கை தானாப் போயி எடுத்துருச்சு" என்றார். கொஞ்சம் பொறுத்து, "உங்க மாமனுக்குப் பேசுனாக் கேக்காது. கம்பத் தட்டுனா கேக்கும். காலுக்குக் கேக்குமாட்ட இருக்குது" என்றார்.

நானும் அவரோடு அண்ணாந்து பார்த்தபடி நின்றேன். நிற்கும்போதே அடுப்பு மேல் சொட்டு விழுந்தது. ஒன்று, அப்புறம் இன்னொன்று, அப்புறம் சுவர் வழியாக ஓடத் தொடங்கியது.

ஓடிப்போய் ஏறிப் பார்த்தேன். இத்தனை நேரம் கூரையில் விட்ட தண்ணீரும் நான் உள்ளே போட்டுவிட்டு வந்த ஹோஸும் சேர்ந்து கட்டரை நிரப்பியிருந்தன. தண்ணீர் வடக்கே உள்ள ஓட்டையைத் தேடிப் போகவே இல்லை. தெற்கு முனையில் குளம்போலத் தேங்கி, கட்டரின் பின்விளிம்பைத் தாண்டி, ஷீட்டுக்கு அடியில் சுவர் தலைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கூரையில் குற்றமே இல்லை. ஸ்குருவையும் முகட்டையும் இத்தனை நாள் சந்தேகப்பட்டது வீண். பெருமழையில் கட்டர் நிரம்பும்போது மட்டும் உள்ளே வருகிற தண்ணீர் இது.

கந்தப்பனை வரவழைத்தோம். கட்டரில் நின்ற தண்ணீரைக் காட்டினேன். "நாந்தான் அன்னைக்கே சொன்னனுங்களே" என்று சொல்ல வாயெடுத்தவர் அத்தையின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். வடக்கு முனையைத் தாழ்த்திக் கட்டினால் என்ன என்று கேட்டேன். அவ்வளவு தாழ்த்தினால் பெருமழையில் ஷீட்டிலிருந்து வருகிற தண்ணீர் கட்டரைத் தாண்டிக் குதித்து வாசலுக்குப் போய்விடும் என்றார். அவர் சொன்னது சரி. தண்ணீரை அது போகிற பக்கமே, தெற்கு முனையில் இறக்குவதுதான் வழி.

"ஆனா அக்னி மூலைங்க அக்கா" என்று இழுத்தார் கந்தப்பன். "நெருப்பு இருக்கற எடத்துல தண்ணி எறங்குனா புருசன் பொண்டாட்டி ஒண்ணா இருக்க மாட்டாங்கம்பாங்க. அப்பறம் என்னயச் சொல்லக் கூடாது."

அத்தை அவரை ஒரு பார்வை பார்த்தார்.

"இப்ப மட்டும் ரெண்டு பேரும் ஒரே தட்டுலயா சோறு திங்கறோம், கந்தப்பா? ஓட்டையப் போடு. அவுரு கேட்டா நாஞ் சொல்லிக்கறேன்."

அப்படிச் சொன்னாலும் அன்று மாலை வரை மாமாவுக்குப் போன் போட்டுக்கொண்டேதான் இருந்தார். ரிக் எங்கேயோ காட்டுப் பக்கம் போயிருந்தது. டவர் கிடைக்கவில்லை. போனை இடுப்பில் செருகிக்கொண்டு, கந்தப்பன் தகரத்தை அறுப்பதைக் கடைசி வரை நின்று பார்த்தார். புதுக் குழாய் அக்னி மூலையில் இறங்கியது. மறுபடி ஹோஸைப் போட்டுப் பார்த்தோம். கட்டரில் துளி நிற்கவில்லை. உள்ளே சுவர் காய்ந்தே இருந்தது.

எனக்கு இன்னொரு யோசனை தோன்றியது. தெற்கில் இறங்குகிற தண்ணீரைக் கீழே விடாமல், கதவு நிலைக்கு மேலே முன்சுவரோடு ஒரு குழாயைச் சாய்வாக ஓட்டினால் அது ஈசானி மூலைக்கே போய்ப் போரில் விழும். வாட்டம் கொடுக்கத் தாராளமாக இடம் இருக்கிறது. மாமா ஆசையும் நிறைவேறும். அடுத்த வாரம் குழாய் வாங்கி வருகிறேன், நானும் கந்தப்பனும் மாட்டிவிடுகிறோம் என்றேன்.

அத்தை சுவரை இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் பார்த்தார். உள்ளே நாற்காலியைப் பார்த்தார்.

"வேண்டாஞ் சாமி" என்றார். "அது அப்படியே கெடக்கட்டும்."

"ஏனுங்கத்தை? சுலபந்தானுங்களே."

"அத்தனையும் முடிச்சு வெச்சுட்டா அவுரு வந்து என்ன பண்ணுவாரு?"

ஆனி கடைசியில் சத்தீஸ்கரில் மழை பிடித்தது. மாமா வந்து இறங்கியபோது நான் சேலத்தில் இருந்தேன். அம்மா சொல்லித்தான் தெரியும். பையை வைத்துவிட்டு வழக்கம்போல ஏணி எங்கே என்று தேடியிருக்கிறார். அத்தை கையைப் பிடித்துக் கூட்டிப்போய் நாற்காலியில் உட்கார வைத்தாராம். அன்று சாயங்காலமே நல்ல மழை. தகரத்தின் மேல் விழுகிற மழைக்கு ஓட்டு மழை போல மெத்தென்ற ஓசை கிடையாது. பக்கத்தில் பேசுவதுகூடக் கேட்காத இரைச்சல். அத்தை காப்பி போட்டுக்கொண்டு வருவதற்குள் மாமா தூங்கிவிட்டார். கம்ப்ரஸர் ஓசையிலேயே தூங்கிப் பழகின உடம்பு. அத்தை காப்பியை மூடி வைத்துவிட்டு, எதிரே ஸ்டூலைப் போட்டு, மழை நிற்கும்வரை அவரையே பார்த்துக்கொண்டிருந்தாராம். எருமை கத்தினதுகூடத் தெரியவில்லை என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

அடுத்த ஞாயிறு நான் வந்தபோது மாமா வாசலில் நின்று அக்னி மூலைக் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை எருமைக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார். கலக்குகிற கை நின்றுவிட்டது.

"ஆரு இந்தப் பக்கம் எறக்குனது?" என்றார் மாமா.

அத்தை சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. தவிட்டுக் கையோடு எழுந்து முன்னால் வந்து, தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். நான்தான்.

மாமா கட்டரை அண்ணாந்து பார்த்தார். தெற்கு முனைக்குப் போனார், வடக்கு முனைக்கு வந்தார், ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். "இந்தப் பக்கந்தான் வாட்டமா? அப்பறம் என்ற பேச்சக் கேட்டு எதுக்கு அங்க வெச்சீங்க?" என்றார். அத்தை என்னைப் பார்த்தார். நான் எருமையைப் பார்த்தேன்.

மாமா அதற்குள் சுவரை முழம் போட்டுக்கொண்டிருந்தார். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவரே கண்டுபிடித்தார். குழாயைச் சாய்வாக ஓட்டிப் போருக்குக் கொண்டுபோகலாம் என்று பெரிய ரகசியம் போலச் சொன்னார். "ஏனுங்க, அது ஆவுங்களா?" என்று அத்தை அப்போதுதான் கேட்கிறவர் மாதிரிக் கேட்டார்.

அந்த வேலை அவர் இருந்த நாளெல்லாம் நடந்தது. ஒரு நாள் கிளாம்பு, ஒரு நாள் வளைவு. ஒரு ஞாயிற்றுக்கிழமை வானம் இருட்டிக்கொண்டு வந்தபோது மாமா கூரைமேல் இருந்தார். உள்ளேயிருந்து தகரத்தில் இடிக்கிற ஓசை கேட்டது. நான் எங்கள் வாசலில் நின்று பார்த்தேன். தூறல் இன்னும் விழவே இல்லை. வீட்டில் எங்கும் ஒழுகாது என்பது எனக்குத் தெரியும், அத்தைக்கு அதைவிடத் தெரியும்.

"வாரேன், இரு" என்றார் மாமா.

"இன்னுங் கொஞ்சம் வடக்கால" என்றது உள்ளேயிருந்து குரல்.

புரட்டாசி பிறந்ததும் வடக்கே மழை விட்டதாக முதலாளி போன் செய்தார். மறுநாள் லாரியில் மாமா போய்விட்டார்.

தீபாவளிக்கு நான் ஊரில் இருந்தேன். விளக்கு வைக்கிற நேரத்துக்கு மழை. பலகாரம் கொடுக்கப் போனபோது அத்தை தாவாரத்து ஓரம் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். சாய்வுக் குழாயில் வந்த தண்ணீர் ஈசானி மூலையில் போர் வாய்க்குள் கொட்டிக்கொண்டிருந்தது.

"தண்ணி போர்ல உழுகுதா?" என்று போனுக்குள் மாமா கத்தினார். அவர் பின்னால் கம்ப்ரஸர் இரைந்தது.

"உழுகுதுங்க."

"என்ன?"

அத்தை போனைப் போர் பக்கமாக நீட்டிப் பிடித்தார். திரும்பக் காதில் வைத்தார். "ஒண்ணுங் கேக்கல" என்றார் மாமா. அத்தை உள்ளே போனார். நாற்காலியைச் சுற்றிக்கொண்டு போய்ச் சுவர் மூலையிலிருந்து மூங்கில் கம்பை எடுத்தார். ஒரு கையில் போனை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் தகரத்தை ஓங்கி இடித்தார். மறுபடியும் இடித்தார்.

கம்ப்ரஸர் இரைச்சலுக்கு மேலே போனில் மாமா குரல் வந்தது.

"வாரேன், இரு."

அத்தை கம்பை இறக்கவில்லை. கூரையைப் பார்த்தபடி, மழை இரைச்சலில் எனக்கே கேட்காத குரலில் என்னவோ சொன்னார். உதட்டசைவை வைத்து வடக்கால என்றது மட்டும் தெரிந்தது.